நல்ல நேரத்தில் வெட்டிய ஆக்சில்

இராயப்புவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பது வருடத்துக்கு மேல் வாகனங்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தே போய்விட்டது. மன்னார்க்காரர். பிரெஞ்சுத் தலைநகருக்கு வெளியே கூசேன்வில்லில் ஒரு கராஜில் வெல்டிங்கும் கடைச்சல் வேலையும் செய்கிறார். நகருக்குள் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஐந்தாம் மாடியில் மனைவி இம்மாகுலேற்றுடன் இருக்கிறார். லிஃப்ட் கிடையாது. இடது தோள் காதுக்கு மேலே உயராது, அதனால் சட்டை போடும்போது அந்தக் கையை முதலில் நுழைத்துவிடுவார். இதையெல்லாம் கேட்டால் பாவம் மனிதர் என்று தோன்றும். பாவம்தான், ஆனால் பாதி அவரே தேடிக்கொண்டது. யார் என்ன கேட்டாலும் அவர் வாயில் 'ஓம்' என்ற சம்மதம்தான் வரும். அந்த வாய்க்கு வேறு சொல் பழக்கமில்லை.

அந்த வாயிலிருந்து அதிகம் ஓம் வாங்கியவர் ஸ்ரீஸ்கந்தராசா. லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், இவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஒரு நேரமும் சும்மா இருக்கத் தெரியாதவர். தொண்ணூற்றொன்றில் இராயப்பு ஒரு தோள்பையோடு வந்து இறங்கியபோது, தன் அறையில் படுக்க இடம் கொடுத்து, விசா கொடுக்கும் பிறெபெக்தூரில் காட்ட வதிவிடக் கடிதமும் எழுதிக் கொடுத்தவர் அவர். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தாலாவது ஒரு சண்டை பிடித்துக் கதையை முடித்திருக்கலாம். அவர் சொல்லாததால் இவர் மறக்கவும் இல்லை. கடையின் குளிர்ப்பெட்டிக் கதவு, சாமான் ஏற்றும் வானின் சைலன்சர், மருமகனின் காரில் கேட்கும் கிறீச்சுச் சத்தம், எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் இராயப்புவின் தலையில்தான் வந்து விழும்.

இந்தக் கோடையில் ஸ்ரீஸ்கந்தராசா ஒரு பழைய அமெரிக்கப் பிக்கப் லொறி வாங்கினார். அறுபதுகளில் செய்தது, நோர்மண்டிப் பக்கம் ஒரு தோட்டக்காரரின் கொட்டிலில் கிடந்தது. ரூ பஜோல் பிள்ளையார் கோயில் தேருக்கு முன்னால் மேளக்காரரை அதில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அதற்குப் பிறகு கடைக்கு அரிசி மூட்டை ஏற்ற வேண்டும் என்பது திட்டம். பின் சில்லுகள் ஒடுக்கமாக இருப்பது மட்டும் அவர் கண்ணுக்குப் பிடிக்கவில்லை.

"அகலச் சில்லுப் போட்டால் நிக்கிற நிலையே வேறை, இராயப்பு. செய்யலாம்தானே?"

"ஓம் அண்ணை."

செய்யலாம்தான். ஆனால் அகலச் சில்லைக் கொண்டுபோய்ச் சும்மா பூட்டினால் அது மட்காட்டுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். உள்ளே தள்ளி நிற்க வேண்டுமானால் இரண்டு சில்லையும் தாங்குகிற பின் ஆக்சிலையே ஒடுக்க வேண்டும். ஆக்சிலை இறக்கி, இரண்டு பக்கக் குழாயையும் அறுத்து, வேண்டிய அளவு துண்டை எடுத்துவிட்டு, நுனிகளைத் திரும்ப ஒட்ட வேண்டும். ஒட்டும்போது மயிரளவு கோணினாலும் ஓடுகிற வண்டி காட்டிக் கொடுத்துவிடும். உள்ளே சுற்றும் சாஃப்டுகளையும் அதே அளவு குறுக்கி, நுனியில் புதிதாகப் பல் வெட்ட வேண்டும். தோள் நன்றாக இருக்கிற ஒருவருக்கே பத்து நாள் வேலை. ஆகஸ்டில் கராஜுக்கு விடுமுறை. முதலாளி ஜூலியன் நல்ல மனிதர், சாவியைத் தந்தார். பதினாறாம் திகதி காலையில் நிலத்தைக் கிளறிச் சீமெந்து போட ஆட்கள் வருவார்கள், அதற்கு முதல் லொறி வெளியே போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. அப்படியாக இராயப்பு தன் வருடாந்த விடுமுறையை, வருடம் முழுவதும் வண்டிகளுக்கு அடியில் கிடந்த அதே கிடங்குக்குள் கழிக்க ஒத்துக்கொண்டார்.

ஆனால் அந்த விடுமுறைக்கு வேறொரு சொந்தக்காரி இருந்தாள். போன வருடம் ஐப்பசியில் இம்மாகுலேற்றின் மார்பில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகிற தள்ளுகட்டிலைப் பிடித்துக்கொண்டு இராயப்பு நேர்த்தி வைத்தார். இவள் எழும்பி வந்தால், ஆவணி பதினைந்து மாதாவின் திருநாளுக்கு இரண்டு பேருமாக லூர்துக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவோம் என்று. அவள் எழும்பி வந்தாள். தலைமயிர் திரும்ப முளைத்து, இப்போது ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டியது மாதிரி நிற்கிறது. தமிழ் ஆட்கள் போகும் பஸ்ஸில் இரண்டு இடம் பதிந்தாயிற்று. பதின்மூன்றாம் திகதி பின்னேரம் புறப்பாடு, பதினாறாம் திகதி காலை திரும்பிவிடும். பன்னிரண்டுக்குள் வேலையை முடித்துவிடலாம் என்று இராயப்பு கணக்குப் போட்டார். லூர்துப் பயணத்தைப் பற்றி ஸ்ரீஸ்கந்தராசாவிடம் மூச்சும் விடவில்லை. அண்ணை சங்கடப்படுவார் என்று இவருக்குச் சங்கடம்.

கணக்குப் பிழைத்த இடம் சின்ன இடம்தான். ஆறாம் திகதி புதன்கிழமை காலையில் ஸ்ரீஸ்கந்தராசா பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டு கராஜுக்கே வந்துவிட்டார்.

"ஒன்பது பத்திலையிருந்து பத்தரை வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ளை வாள் பட்டிட வேணும். கோயில் காரியத்துக்கு ஓடப்போற வண்டி."

"சில்லு இன்னும் வந்து சேரேல்லை அண்ணை. சில்லை வைச்சு அளந்துபோட்டுத்தான் வெட்டுறது."

"சில்லுக் கற்றலொக்கிலை அளவு கிடக்குத்தானே?"

"ஓம், கிடக்குது."

"இதை விட்டால் இனி இருவதாம் திகதிதான் நல்ல நாள்."

இருபதாம் திகதிக்குக் கராஜ் கையில் இருக்காது. ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கருக்கு ராகுவும் குளிகனும் என்ன செய்யும் என்று அவர் கேட்டிருக்கலாம். சில்லு கையில் இல்லாமல் ஆக்சிலை வெட்டுவது, ஆளைக் காணாமல் சட்டை தைப்பது போல என்றாவது சொல்லியிருக்கலாம். முதல்நாள் துருப்பிடித்த ஆணிகளோடு பத்து மணி நேரம் மல்லுக்கட்டிய உடம்பு. வாதாடுவதைவிட வெட்டுவது சுகம் என்று பட்டது. ஸ்ரீஸ்கந்தராசா சூடம் கொளுத்தினார், குழாயின்மேல் திருநீறு பூசினார். இராயப்பு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒன்பது இருபதுக்கு வாள் இறங்கியது. அந்த வாரம் முடிவதற்குள்ளேயே இரண்டு பக்கமும் அறுத்து ஒட்டி முடிந்தது.

பன்னிரண்டாம் திகதி காலையில் சில்லுகள் வந்தன. பெட்டியைப் பிரித்ததுமே இராயப்புவுக்குத் தெரிந்துவிட்டது. கற்றலொக்கில் பார்த்த சில்லு இல்லை. ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் போன் எடுத்தார்.

"அந்த மாதிரி கையிருப்பிலை இல்லையாம். இது அதைவிட வடிவாக் கிடந்தது, அதுதான் இதை எடுத்தன். அகலம் ஒண்டுதானே?"

அகலம் ஒன்றுதான். ஆனால் இந்தச் சில்லின் உட்பக்கம் இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக உள்ளே போகிறது. ஒட்டி வைத்த ஆக்சிலைத் தூக்கி, சில்லைப் பிடித்துப் பார்த்தார். ஸ்பிரிங் தட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அவர் நிலத்தில் குந்திக்கொண்டு அதையே பார்த்தார். கோபம் கூட வரவில்லை, அவ்வளவு களைப்பு.

நல்லவேளை, சாஃப்டில் இன்னும் கை வைக்கவில்லை. வழி இரண்டு இருந்தது. சில்லுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஒரு தடித்த தட்டை வைத்துப் பூட்டி, சில்லை வெளியே தள்ளிவிடலாம். சாஃப்டில் இரவோடிரவாகப் பல்லை வெட்டினால் நாளைப் பின்னேரம் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஊரில் உலகத்தில் எத்தனையோ பேர் தட்டு வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். அல்லது இரண்டு பக்கமும் மறுபடி அறுத்து, இரண்டரை சென்டிமீட்டர் வளையம் திரும்ப வைத்து, கோணல் பார்த்து ஒட்ட வேண்டும். அதற்கு மூன்று நாள்.

தட்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். தேருக்கு முன்னால் ஊர்ந்து போகிறவரை ஒன்றும் நடக்காது. அதற்குப் பிறகு ஸ்ரீஸ்கந்தராசா ஒரு தொன் அரிசியை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டுவார். அளவுக்கு மேலே ஏற்றுவதில் அவர் பேர்போனவர். அந்தப் பாரத்துக்குத் தட்டு தாங்காது. தட்டைத் திரும்ப மேசையில் வைத்தார்.

அன்றைக்கு ஐந்து மாடி ஏறி வீட்டுக்குப் போனபோது இம்மாகுலேற் இரண்டு பேருடைய உடுப்பையும் ஒரே பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"வரேல்லையோ?"

"ஆக்சில் பிழைச்சுப் போச்சு, இம்மா. பதினாறுக்கு முதல் முடிக்க வேணும்."

"அவரிட்டைச் சொன்னீங்களோ, எங்களுக்கு நேர்த்தி கிடக்கெண்டு?"

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். இம்மாகுலேற் பெட்டியிலிருந்து அவருடைய இரண்டு சட்டைகளையும் சாரத்தையும் எடுத்து, மடிப்புக் குலையாமல் அலுமாரியில் வைத்தாள்.

"இரண்டு பேருமா வாறம் எண்டு சொன்னது நீங்கள். நான் இல்லை," என்றாள். அவ்வளவுதான். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. மறுநாள் பின்னேரம் பஸ் புறப்பட்ட நேரத்தில் அவர் குழாயை இரண்டாம் தரம் அறுத்துக்கொண்டிருந்தார்.

ஒட்டு வேலையில் நெருப்பைவிடக் காத்திருப்பதுதான் ஆளைக் கொல்லும். ஒரே மூச்சில் ஒட்டினால் சூட்டில் குழாய் வளைந்துவிடும். ஒரு பக்கம் ஒரு விரற்கடை ஒட்ட வேண்டும், ஆற விட வேண்டும், எதிர்ப்பக்கம் ஒரு விரற்கடை ஒட்ட வேண்டும். உள்ளே நேர்க்கம்பி ஒன்றைச் செருகி, அது தடையில்லாமல் ஓடுகிறதா என்று ஒவ்வொரு தரமும் பார்க்க வேண்டும். ஆறுகிற நேரத்தில் கடைச்சல் இயந்திரத்தில் நின்று சாஃப்டில் வேலை. மூன்று நாளும் கூசேன்வில் பேக்கரி பாணும் போத்தல் தண்ணீரும்தான். தோளுக்கு மாத்திரை போட்டார், அது வயிற்றைப் பிடித்தது.

பதினைந்தாம் திகதி மத்தியானம், கடைசிச் சில்லைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பின்னால் செபமாலைச் சத்தமும் பெரிய சனக்கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன.

"சாப்பிட்டீங்களோ?" என்றாள் இம்மாகுலேற்.

"ஓம்."

"உங்கட மெழுகுதிரியையும் நானே கொளுத்தினன். காத்துக்கு நிண்டு பிடிக்கேல்லை, மூண்டு தரம் கொளுத்தினது."

"அடுத்த வருசம் கட்டாயம்..."

"அடுத்த வருசம் எண்டு என்னட்டைச் சொல்லாதேங்கோ. கார்த்திகையிலை திரும்ப ஸ்கேன் இருக்கு." பிறகு அவள், "சனம் தள்ளுது, வைக்கிறன்," என்றாள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். லொறி வெளியே வெயிலில் நின்றது. பின் சில்லுகள் மட்காட்டுக்குள் அளவாக, அழகாக அடங்கி இருந்தன. அவர் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், கையால் தடவினார். சந்தோசத்தில் முகம் குழந்தை முகமாகிவிட்டது.

"முன்னுக்கும் அகலமாப் போட்டால் என்ன, இராயப்பு? தேருக்கு இன்னும் நாள் கிடக்குது. வேறை ஒரு கராஜ் பிடிச்சுத் தாறன்."

"ஏலாது அண்ணை."

சொல்லிவிட்டு இராயப்புவே பயந்துபோனார். முப்பது வருடத்தில் அந்த மனிதரிடம் முதன்முதலாகச் சொன்ன மறுப்பு. முகம் கறுக்கும், பழைய அறையும் வதிவிடக் கடிதமும் இப்போது வெளியே வரும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"சரி, அப்ப விடும்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "தோள் நோகுதோ?"

"தோளும்தான். நானும் இம்மாவும் லூர்துக்குப் போக இருந்தனாங்கள். அவவின்ரை வருத்தத்துக்கு வைச்ச நேர்த்தி. பஸ் பதின்மூண்டாம் திகதி போயிட்டுது."

"அப்ப இம்மாகுலேற்?"

"தனியப் போயிட்டா."

ஸ்ரீஸ்கந்தராசா மட்காட்டிலிருந்து கையை எடுத்தார்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை? இந்த லொறி இல்லாட்டில் பிள்ளையார் வெளிக்கிடமாட்டாரோ? மேளக்காரர் இவ்வளவு வருசமும் நடந்துதானே வந்தவை. எனக்கு இது ஒரு ஆசை, அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டுவந்து உங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸிலை ஏத்திவிட்டிருப்பனே."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. இராயப்புவுக்கு அது தெரியும். ஏசியிருந்தால் தாங்கியிருப்பார், பழையதைச் சொல்லிக் காட்டியிருந்தால் ஆறுதலாகவே இருந்திருக்கும். இப்போது லொறியின் படியில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்தப் பெரிய சனக்கூட்டத்துக்குள் இம்மாகுலேற் ஒற்றையாக நின்று காற்றோடு மல்லுக்கட்டி இரண்டு திரி கொளுத்தியதற்கு, இனி வேறு எவரையும் அவரால் குறை சொல்ல முடியாது.