மில்லுக்குப் போன மிளகாய்

எங்கள் அப்பாவுக்குக் கடை மிளகாய்த்தூள் பிடிக்காது. வெளிநாடு வந்து குடியேறிய தோர்ண்டன் ஹீத் வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, "இது தூளோ? செங்கல்லை இடிச்சுப் போட்டிருக்கு" என்று தினமும் கத்துவார். ஒருநாளாவது குசினிப் பக்கம் எட்டிப்பார்த்த மனிசனில்லை. ஊரில் சண்டை, அங்கிருந்து தூள் வர வழியில்லை. மிளகாய் அரைத்தே எங்கள் கிரைண்டர் புகைந்து செத்தது.

பள்ளிக்கூடத்தில் எங்களை ஒரு கிராமத்துப் பழைய தண்ணீர் ஆலைக்குக் கூட்டிப்போனார்கள். இன்னும் அங்கே கோதுமை அரைக்கிறார்கள் என்று வந்து சொன்னேன்.

"மில்லோ? எங்க?" என்றார் அம்மா.

அந்தச் சனிக்கிழமையே மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் வறுத்து ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து, தம்பியை அப்பாவிடம் விட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறினார்.

மூன்று மாடி மரக் கட்டடம். மதகைத் திறந்தால் வெளியே பெரிய சக்கரம் சுழலும். உள்ளே பல்சக்கரங்கள் அந்தச் சுழற்சியை வாங்கி நடுமாடிக் கல்லைச் சுற்றும். மேலிருந்து கோதுமை கல்லுக்குள் சொரிய, மா கீழ்மாடிச் சாக்கில் விழும். கட்டடமே நடுங்கும். ஆலைக்காரக் கிழவர் சக்கரப் பற்களைத் தட்டிக் காட்டினார். எல்லாம் மரப் பற்கள். இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறந்து மாத்தூசி பற்றிக்கொள்ளுமாம்.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு டப்பாவைத் திறந்து நீட்டினார். கிழவர் குனிந்து மணந்து பார்த்தார். தும்மினார், தும்மிக்கொண்டே இருந்தார். பின்னால் நின்றவர்களும் தும்மினார்கள்.

இதை அரைத்தால் இந்த ஊர் மாவில் சுடுகிற பாண் எல்லாம் உறைக்கும் என்று கண்ணைத் துடைத்தபடி சிரித்தார். நான் அதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன்.

"இவ்வளவு பல்லை வைச்சுக்கொண்டு ஒரு பிடி மிளகாய் கடிக்கேலாதாமோ!"

ஆனால் அம்மா கோபப்படவில்லை. ஆற்றுக் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னேரம்வரை சக்கரத்தைப் பார்த்தபடி இருந்தார். திரும்பி வரும்போது கடைத்தூள் வாங்கி, இன்னொரு டப்பாவில் கொட்டி, வெறும் பாக்கெட்டைத் தெருக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

அடுத்தநாள் அப்பா மீன்குழம்பை இரண்டுதரம் விட்டுச் சாப்பிட்டார். "பாத்தியே, கல்லில அரைச்சாத்தான் தூள்! மாதாமாதம் அங்கயே போய் அரை. தம்பியை நான் பாக்கிறன்."

அம்மா மாதாமாதம் போனார். கூடவே நானும், அதே வறுத்த மிளகாயும். கடைசியில் எனக்கு எரிச்சல் வந்தது.

"அந்த ஆள் அரைக்கமாட்டார்தானே அம்மா. பிறகேன் போறம்?"

"சத்தம் போடாமல் சிப்ஸைச் சாப்பிடு" என்றார் அம்மா, சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மில்லுக்குப் போவது அரைக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த மண்டு நான்.