கடைசிப் பெஞ்சின் முதல் மிடறு

மந்தைவெளியில் ஜாக்கெட் தைக்கும் குணசீலிக்குத் திராட்சைரசம் என்றால் சப்பென்றுதான் இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறன்று தேவாலயத்தில் திருவிருந்துக் கிண்ணம் கடைசிப் பெஞ்சிலிருக்கும் அவள் உதட்டுக்கு வரும்போது, குறையக் குறையத் தண்ணீர் சேர்த்து, அப்பத் துணுக்கு ஊறிய கடைசி வாய்தான் மிஞ்சும்.

அந்தச் சபையின் சரித்திரமே அந்தக் கிண்ணத்தில் இருந்தது. அவள் பாட்டனார் காலத்தில் கிண்ணம் இரண்டு. மேல்சாதியிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று, சேரியிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று. ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் சண்டை போட்டு ஒன்றாக்கினார். முன்பெஞ்சிலிருந்த மேல்சாதிக்காரர்கள் தலையாட்டினார்கள், அடுத்த வாரத்திலிருந்து முதலில் தாங்கள் குடித்தார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் எல்லாப் பாவத்தையும் கழுவுமாம். சாதி மட்டும் நனையாமல் கரையேறிவிட்டது. இதை யாரும் எழுதிவைக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னதுமில்லை.

சபையின் நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழாவன்று கூட்டம் வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. ஊருக்குப் புதிதான ஆயர் அதைப் பார்த்தார்.

"திருவிருந்துக்குக் கடைசி பெஞ்ச்லருந்து வாங்க. பின்னால கொஞ்சம் இடம் கிடைக்கட்டும்."

முன்பெஞ்சில் சபைச் செயலாளர் சற்குணம் வழக்கப்படி பாதி எழுந்திருந்தார். உட்காரவும் தோன்றாமல், நடக்கவும் தோன்றாமல் நின்றார்.

"இன்னா அண்ணி, கூப்டறாருல்ல," என்றாள் நாத்தனார் ஜானு.

"பேசாம குந்து. புது ஆளு, தெரியாம கூப்டறாரு," என்றாள் குணசீலி.

"தெரிஞ்சா கூப்டுவாரா? எவனாவது போய் சொல்லிக் குடுக்கறதுக்குள்ள எய்ந்துரு."

குணசீலி முன்பெஞ்சைப் பார்த்தாள். முன்பெஞ்சுப் பெண்கள் பாதிப்பேர் அவளிடம்தான் தைக்கக் கொடுக்கிறார்கள். திமிர் என்பார்கள், துணியைத் திருப்பிக் கேட்பார்கள். ஆனால் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவள் எழாவிட்டால் அந்தப் பெஞ்சே எழ முடியாது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் சற்குணம், தாழ்ந்த குரலில். "முன்னாடி இருக்கறவங்க..."

"பாஸ்டர் கூப்ட்டார் சார்." நிற்காமல் போய்ப் பீடத்தின்முன் முழங்காலிட்டாள்.

கிண்ணம் நிறைந்திருந்தது. குடித்துவிட்டு எழுந்தாள். கடைசிப் பெஞ்சு முழுவதும் அவள் பின்னால் வந்திருந்தது. வெகுநேரம் கழித்து, வெளியூர் விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, அதே கிண்ணத்தில் சற்குணமும் குடித்தார். கூரை இடிந்து விழவில்லை.

ஆராதனை முடிந்ததும் சற்குணம் ஆயரைத் தேடி அவர் அறைக்குப் போனார். அறைக்கு வெளியே பிரியாணிப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த குணசீலியின் காதில் எல்லாம் விழுந்தது.

"இங்க ஒரு வழக்கம் உண்டு பாஸ்டர். முன்பெஞ்ச்தான் முதல்ல."

"அப்படியா? ஏன்?"

சற்குணம் வாயைத் திறந்தார். அந்தக் காரணத்தை இரண்டே பேர் இருக்கும் அறையில்கூட வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

"சும்மா... அப்படியே பழகிருச்சு."

"சும்மான்னா விட்டுரலாமே. இன்னிக்கு நெரிசலே இல்ல, பாத்தீங்களா? இனிமே இப்படியே வெச்சுக்கலாம்."

குணசீலி ஒரு இலையைத் தலைகீழாகப் போட்டாள். ஜானு அதைத் திருப்பி வைத்தாள்.

"கிண்ணத்து ரசம் எப்டி அண்ணி?"

"தித்திப்பா கீதுடி," என்றாள் குணசீலி. "மூணு தலமுறையா ஒருத்தனும் நம்மகிட்ட சொல்லல பாரு."