அம்மன் சேலையில் உதிர்ந்த கரும்பொடி

புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டமொன்றின் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான், பட்டதாரி, மாரியம்மன் கோயில் தலைவன். என் சொல்லை எவரும் மறுத்ததில்லை. அந்தச் சொல்லைக் கொண்டே ஒருவனைக் கெடுத்தேன்.

என் காருக்கு முப்பது வயதுக்கு மேல். ஒரு திருகாணிகூடக் கழற்றப்படாத கார் என்று, கோயில் சபையாரே, உங்களிடம் எத்தனை முறை பீற்றியிருப்பேன்!

திருவிழாவில் அம்மனுக்குச் சாற்றும் பட்டு அந்தக் காரில்தான் வரும். ஓட்டுபவன் நடேசன், முன்பு தோட்ட லோரி ஓட்டியவன். சேலைத்தட்டைத் தலையில் ஏந்திச் சன்னிதிக்குக் கொண்டுசெல்வதும் அவனே. தகப்பன்வழி வந்த உரிமை அது.

முந்தின வாரமே அவன் எச்சரித்தான். காரில் குளிர்காற்று வரும் ஏர்கோன் துவாரத்தில் அவன் விட்டெடுத்த விரல் கறுத்திருந்தது.

“சார், உள்ள காத்தத் திருப்புற தகட்டுல ஒட்டுன பஞ்சு நைஞ்சி போச்சு லா. தொட்டா பொடியா உதிருது. டேஷ்போர்ட கழட்டி மாத்திடலாம்.”

“என் காரையா கழற்றுவாய்?”

“நாம கழட்டலன்னா அதுவே வந்து மூஞ்சில அடிக்கும் சார்!” என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருவிழாவன்று கடும் வெயில். தட்டு என் மடியில். நானே கைநீட்டி ஏர்கோனை முழு வேகத்தில் திருகினேன். “வேணாம் சார்...” என்றான் நடேசன். அதற்குள் மஞ்சள் பட்டின்மேல் கரும்பொடி கொட்டியது. தட்டிவிட்டேன், பிசுபிசுவென்று அப்பிக்கொண்டது!

கோயில் வாசலில் செயலாளர் சீறினார்: “கரி மூட்டை ஏத்துனியாடா?”

எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள்.

“ஏற்றியிருப்பான்,” என்றேன்.

நடேசன் என் முகத்தையே பார்த்தான். அன்றே தட்டு வேறு கைக்குப் போனது. மூன்று ஆண்டுகளாக அவன் கோயில் பக்கமே வரவில்லை.

ஏன் சொன்னேன்? அவன்மீது பகையா? இல்லை... ‘வாத்தியார் கார் உளுத்துவிட்டது’ என்று நீங்கள் நகைப்பீர்களே என்ற அச்சம். அவ்வளவு அற்பம்!

நேற்று அவன் வீட்டுக்குப் போய் உண்மையை ஒப்புக்கொண்டேன். “எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே,” என்றவன், உட்காரச் சொல்லவில்லை.

ஆகவே இதை ஆண்டுக் கூட்டத்தில் நானே நின்று வாசிப்பேன். பதவி போகட்டும். அதனால் அவனுடைய மூன்று திருவிழாக்கள் திரும்பி வந்துவிடுமா... வராது.

சாமி சேலை வந்த காரில் நடேசன் கரி ஏற்றினான் என்று இன்றும் சொல்கிறீர்கள். அவன் ஏற்றவில்லை.