ஆய்வகம் கேட்டவர்

மீன் பதப்படுத்தும் தொழில்நுட்பத்தில் எங்கள் சிதம்பரம் கல்லூரி தொடங்கவிருந்த பட்டப்படிப்புக்கு ஒப்புதல் தர, மே மாதக் கடைசி வெள்ளியன்று கடலூரிலிருந்து வெளி நிபுணராக அவர் வந்தார். ஒல்லியான ஆள். ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“லேப் எங்க?”

“கட்டிக்கிட்டிருக்கோம் சார். நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் இந்த வருஷம் பசங்கள சேக்க முடியும்,” என்றார் துறைத்தலைவர்.

“கட்டி முடிச்சிட்டுக் கூப்புடுங்க.”

மற்றவர்கள் அவரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்கள். கூட்டக் குறிப்பு எழுதிய நான்தான் அவரைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போனேன்.

“ஒரு வருஷம் போச்சே சார்,” என்றேன், கோபத்தை அடக்கிக்கொண்டு.

“எம் பொண்ணுக்கும்தான் போச்சு. இதுல சேரணும்னு வேற எங்கயும் அப்ளிகேஷன் போடாம உக்காந்திருக்கா.”

கடலூர் பேருந்து வந்தது. இடம் இருந்தும் அவர் ஏறவில்லை. அடுத்ததில் போவதாகச் சொன்னார். எந்தப் பேருந்தில் வீட்டுக்குப் போனாரோ, எனக்குத் தெரியாது.