கோர்ட்டில் காய்ந்த நெல்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு நான் மைதானத்துக்கு வந்தபோது கோர்ட் இரண்டும் இருந்த இடத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்துகொண்டிருந்தது என்று சொல்ல முடியாது, வெயில் இன்னும் வரவில்லை. ஈர நெல்லைப் பரப்பிவிட்டு அதன் ஓரத்தில் ஓர் அம்மாள் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். என் கையில் கோடு போடச் சுண்ணாம்பு டின் இருந்தது. எட்டு மணிக்கு ஆறு ஊர்களிலிருந்து ஆட்கள் வரவேண்டும்.

அன்று புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காயம்பட்டு ஊர் திரும்பிய படைவீரர்களுக்கு உதவி திரட்ட, கழகங்களுக்கு இடையே ஒரு பூப்பந்துப் போட்டி நடத்த நான் ஏற்பாடு செய்திருந்தேன். நான் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. நன்னிலத்துக்கு அருகே எங்கள் ஊர். கல்லூரிக் காலத்தில் நானும் பூப்பந்து ஆடியவள்தான். மஞ்சள் நூல்பந்தும் மட்டையும் இரண்டு பக்கம் ஐந்தைந்து பேரும் இருந்தால் போதும், செலவில்லாத ஆட்டம். மண் தரை நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தரையில்தான் நான் தவறு செய்தேன். வாய்க்கால் ஓரத்துப் பொது மைதானத்தை ஒரு வாரமாக மேடு பள்ளம் பார்த்துச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி, தூசி எழக்கூடாது என்று சனிக்கிழமை காலையில் சாணி கரைத்து மெழுக வைத்தேன். மாலைக்குள் வெடிப்பு விடாமல் வழவழவென்று காய்ந்துவிட்டது. பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன். குறுவை அறுவடை நடக்கும் நாளில், நெல் கொள்முதல் நிலையத்துக்கு முந்நூறு அடி தள்ளி, சாணி மெழுகிய சமமான தரை ஒன்று கிடந்தால் எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதை என்னவென்று நினைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை மாலை ஊரைச் சுற்றி நல்ல மழை. எங்கள் தெருவிலும் மைதானத்திலும் தூறலோடு நின்றது. கிழக்கே அறுத்துப் போட்டிருந்தவர்களின் நெல் முழுக்க நனைந்துவிட்டது.

"அக்கா, இது விளையாடுற கோர்ட்டு," என்றேன்.

"தெரியும் டீச்சர். வலைக்குக் கம்பு நட்டிருக்கே, தெரியாதா? ஆனா களம் மாதிரி எப்படி மெழுகி வச்சிருக்கீங்க! எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன், யாரோ புண்ணியவதி நமக்குன்னே செஞ்சு வச்சிருக்கான்னு."

"எட்டு மணிக்கு ஆளுங்க வந்துருவாங்க அக்கா."

"வரட்டும். அதுக்கு முன்னால வெயில வரச் சொல்லுங்க. ஈரமா இருக்குன்னு கொள்முதல் நிலையத்துல நேத்தே திருப்பி அனுப்பிட்டான். இன்னிக்கும் காயலன்னா முளை விட்டுரும். நீங்களே சொல்லுங்க, வாரிடவா?"

வாரிவிடுங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் ஊர்க் கழகத்தில் யாரையாவது கூப்பிடலாம் என்றால், அவர்களும் அதிகாலையிலேயே அவரவர் நெல்லைப் பார்க்கப் போய்விட்டார்கள். வரப்போவதாகச் சொன்ன ஐந்து பேரில் ஒருவர்கூட இல்லை. சுண்ணாம்பு டின்னைக் கீழே வைத்துவிட்டு வலைக் கம்பத்தின் பக்கத்தில் நின்றேன்.

இந்தப் போட்டி யாருக்காக என்று அச்சடித்த நோட்டீஸில் தெளிவாக இருந்தது. அது பொய்யில்லை. எங்கள் வட்டாரத்தில் காயம்பட்டவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தேவையும் இருக்கிறது. ஆனால் அந்த மூவரில் ஒருவன் என் மகன். எல்லையில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ராணுவ மருத்துவமனையில் கொடுத்த செயற்கைக் கால், ஷூ மாட்டியபடியே, அவன் அறைக் கதவுக்குப் பின்னால் பதினோரு மாதமாகச் சாய்ந்து நின்றது. குளிக்கவும் சாப்பிடவும் ஊன்றுகோலோடு வருவான். வாசலைத் தாண்டியதில்லை. பட்டாளத்துக்குப் போகும் முன்பு எங்கள் ஊர் அணியில் பின்வரிசையில் அவன்தான் ஆடுவான். மைதானம் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். ஆறு ஊர்க்காரர்கள் வந்து ஆடினால், அந்தச் சத்தம் கேட்டால், ஒரு வேளை எழுந்து வருவான் என்று நினைத்தேன். அவ்வளவுக்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

அவனிடம் இதைச் சொல்லவில்லை. நோட்டீஸ் வந்த அன்று ஒன்றை எடுத்து அவன் காப்பி டம்ளருக்குக் கீழே வைத்தேன். படித்துவிட்டு, "தொடர்புக்குன்னு உன் நம்பரப் போட்டிருக்க. எடுப்பியாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

"எடுப்பேன்டா," என்றேன்.

அவன் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவனுக்கு அடிபட்ட செய்தி, நான் பள்ளியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்துதான் வந்தது. முதலில் ஒருவர் இந்தியில் பேசினார். பிறகு இன்னொருவர் தமிழில், "அம்மா, உக்காந்துக்கிட்டு கேளுங்க," என்றார். அன்று முதல் பெயர் காட்டாத எண் எது அடித்தாலும் என் கை அதை நோக்கிப் போவதில்லை. வங்கியானாலும் சரி, எரிவாயு சிலிண்டர்காரர் ஆனாலும் சரி. அடித்து நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அன்று காலை ஆறேகாலிலிருந்து அடிக்க ஆரம்பித்தது. ஒன்றும் தெரிந்த எண் இல்லை. மன்னார்குடியாக இருக்கலாம், கும்பகோணமாக இருக்கலாம். மழை பெய்ததே, ஆட்டம் உண்டா என்று கேட்கத்தான் அடிக்கிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு முறை விரலைப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஏழரைக்குப் பிறகு அழைப்புகள் நின்றுவிட்டன. கழகக்காரர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்திருப்பார்கள்: ஏற்பாடு செய்தவரே எடுக்கவில்லை, மழையால் நிறுத்திவிட்டார்கள் போல.

எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. வெயில் வந்தது. தோரணமும் ஒரு மேஜையும் பத்து பிளாஸ்டிக் நாற்காலியும் நானும்.

"சும்மா நிக்கிறதுக்கு இதக் கிண்டி விடுங்க டீச்சர்," என்றார் அந்த அம்மாள். "எனக்கு இடுப்பு வலி."

செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லுக்குள் இறங்கினேன். நெல்லைக் கிண்டுவது காலால்தான். பாதத்தைத் தூக்காமல் இழுத்துக்கொண்டே போனால் இரண்டு சால் விழும், அடியில் இருக்கும் ஈர நெல் மேலே வரும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்பினேன். எத்தனை முறை என்று தெரியவில்லை. நடுவில் மஸ்கட்டிலிருந்து என் கணவர் அழைத்தார். அது பெயர் காட்டும் எண்.

"ஆட்டம் ஆரம்பிச்சாச்சா?"

"இல்ல. நெல்லு கிண்டிக்கிட்டு இருக்கேன்."

"என்னது?"

"அப்புறம் பேசுறேங்க."

ஒன்பதரைக்கு ஒரு வேன் வந்து நின்றது. தரங்கம்பாடி அணி. அவர்கள் யாருக்கும் போன் செய்யவில்லை, விடிவதற்கு முன்பே கிளம்பி, வழியில் டயர் பஞ்சராகி நின்றுவிட்டு வந்தவர்கள். ஐந்து பேரும் கடற்கரைக்காரர்கள். அணித்தலைவர் நாற்பதைத் தாண்டியவர், அவரும் முன்னாள் படைவீரர். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை, இடது கையால் ஆடுபவர். இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"டீச்சர், நாங்க பந்தாட வந்தோமா, போரடிக்க வந்தோமா?"

நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் எழுந்து சேலையைச் செருகிக்கொண்டார்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துட்டாங்க. ஒரு கோர்ட்ட ஒதுக்கித் தரேன். ஆளுக்கு ஒரு கை புடிங்க. ஆனா ஒண்ணு, நெல்லுல பந்து விழுந்தா செருப்புக் காலோட யாரும் எறங்கக் கூடாது. சாப்பிடுற பொருளு."

பத்தரைக்குள் எங்கள் ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஆறு அணிகளின் போட்டி இரண்டு அணிகளின் ஆட்டமாகச் சுருங்கியது. பந்து மூன்று அடி அடித்தால் ஒரு முறை நெல்லுக்குள் போய் விழுந்தது. ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றி எடுத்துவந்தார்கள். நெல்லுக்குச் சொந்தக்காரர், அந்த அம்மாளின் கணவர், டிவிஎஸ்ஸில் வந்து இறங்கி, "இது என்னடி, நம்ம களத்துல ஆட்டம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் கண் மைதானத்துக்கு வரும் பாதையிலேயே இருந்தது. பிறகு தை மாதத்தில் அதே போட்டியை ஆறு அணிகளோடு ஒழுங்காக நடத்தினோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அணித்தலைவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"அழைப்பு வைக்க வந்தப்ப உங்க பையனப் பத்திச் சொன்னீங்களே. தம்பி வரலையா?"

"வீட்ல இருக்கான்."

"கூப்பிட்டீங்களா?"

கலெக்டர் அலுவலகம், பள்ளிகள், கழகங்கள், கோயில் நிர்வாகம் எல்லோருக்கும் நேரில் போய் அழைப்பு வைத்தவள் நான். "இல்ல," என்றேன். அவர் தயிர் சாதத்தைச் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவப் போனார்.

மூன்று மணிக்குக் கிழக்கே கறுத்தது. காற்று வந்தது. ஆட்டம் பாதியில் நின்றது, யாரும் நிறுத்தவில்லை, பத்து பேரும் மட்டையைப் போட்டுவிட்டு நெல்லை வார ஆரம்பித்தார்கள். அந்த அம்மாளிடம் ஒரே ஒரு தார்ப்பாய்தான் இருந்தது. அது ஒரு குவியலுக்குத்தான் காணும். காற்று அதையும் தூக்கியது. "செங்கல்லு தாங்காது, மூலைக்கு ஒருத்தர் ஏறி நில்லுங்க, நகராதீங்க!" என்று அவர் கத்தினார்.

"எங்க வீட்ல ஒண்ணு இருக்கு. கொல்லையில, மாட்டுக் கொட்டகை மேல," என்றேன்.

அந்த அம்மாளின் கணவர் டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. தெரியாத ஆள் வந்து கதவைத் தட்டினால் அவன் திறப்பானா? கொட்டகை மேலிருந்து அவர் எப்படி எடுப்பார்? அவனைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். என்ன சொல்வது? மறுபடியும் இடுப்பில் செருகிவிட்டுக் கூடையில் நெல்லை அள்ளினேன். முதல் துளிகள் முதுகில் விழுந்தன. அவர் போய்ப் பத்து நிமிடம் ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. இவ்வளவு நேரம் எதற்கு? அவன் கீழே விழுந்திருப்பானோ என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டேன்.

டிவிஎஸ் சத்தம் முதலில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவன், மடித்த நீலத் தார்ப்பாயை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கைலிக்குக் கீழே ஒரு காலில் ரப்பர் செருப்பு, ஒரு காலில் கறுப்பு ஷூ. வண்டி நின்றதும் அணித்தலைவர் கை நீட்டினார். அவன் அதைப் பிடிக்காமல், வண்டிச் சீட்டைப் பிடித்து மெதுவாக இறங்கினான். ஒரு கணம் தடுமாறினான். நான் ஓடவில்லை. ஓடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தார்ப்பாயை மற்றவர்கள் பிரித்துக் குவியல் மேல் இழுத்தார்கள். அவன் ஒரு மூலையில் போய், ஷூ காலை அதன் மேல் வைத்து நின்றான். மழை முகத்தில் அடிக்க என்னைப் பார்த்தான்.

"நகராம நிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்னு இவரு வந்து சொன்னாரும்மா," என்றான். "அதான் வந்தேன்."