தனிச் செம்பு

நானும் அவளும் ஒட்டிப் பிறந்தனாங்கள். விலாவில. அவளுக்கு வலப்பக்கம், எனக்கு இடப்பக்கம். கைக்குழந்தையிலேயே கொழும்பில வெட்டிப் பிரிச்சவை. அது எனக்கு நினைவில்லை. தழும்பு இருக்கு.

ஆர் அக்கா, ஆர் தங்கச்சி எண்டு ஆரும் சொல்லேல்லை. ஒண்டாத்தானே வந்தனாங்கள். ஊரில எங்களுக்கு 'ஒட்டுப்பிள்ளையள்' எண்டு பேர். ஒராளைத் தனியக் கண்டாலும் அப்பிடித்தான் கூப்பிடுவினம்.

அவளுக்குக் காய்ச்சல் எண்டால் அம்மா எனக்கும் குளிசை தருவா. சுகமா இருந்துகொண்டு கசப்புக் குளிசை விழுங்கினனான். பள்ளிக்கூடத்தில பெட்டையள் என்னைக் கிள்ளிப்போட்டு அவளின்ர முகத்தைப் பாப்பினம். அவள் 'ஐயோ' எண்டு கத்துவாள். அவளுக்கு நோகிறேல்லை. கத்தினால் டொபி குடுப்பினம். நோ எனக்கு, டொபி அவளுக்கு.

அம்மா ஒரு நேர்த்தி வைச்சவ. ரெண்டு பிள்ளையும் உயிரோட வந்தால் வருசா வருசம் அம்மனுக்குப் பாற்செம்பு. வைகாசிப் பொங்கலுக்கு ஒரே செம்பை ரெண்டு பேரும் பிடிச்சுக்கொண்டு நடப்பம். அவளின்ர வலக்கை, என்ர இடக்கை. சனம் கும்பிடும். செம்பைக் கும்பிட்டினமோ எங்களைக் கும்பிட்டினமோ தெரியாது.

ஒருக்காலெண்டாலும் அதைத் தனிய எடுக்கவேணும் எண்டு எனக்கு ஆசை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

அவள் கலியாணம் கட்டிப் புளியங்குளத்துக்குப் போனாள். போன வருசம் பொங்கல் கிட்டிவரேக்க அவளுக்குப் பிள்ளை பிறந்தது. நோ வந்த அண்டைக்கு அவளின்ர மாமிதான் ஆஸ்பத்திரிக்குப் போனவ. அம்மா போகேல்லை. எனக்கும் நோ வரும் எண்டு எனக்குக் காவல் இருந்தவ.

பிள்ளை பெத்தால் துடக்கு. கோயிலுக்குப் போகேலாது. அவள் வரமாட்டாள்.

"நான் தனிய எடுக்கிறன்" எண்டன்.

"உனக்கும் துடக்கு" எண்டா அம்மா.

"அது அவளின்ர புருசன் வீட்டுக்கெல்லோ?"

"மற்றச் சகோதரங்களுக்கு அப்பிடி. நீங்கள் ஒரே தசை."

எனக்குக் கோபம் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனன். அம்மாவும் பின்னால நடந்து வந்தா. கோயில் தலைவர் மடப்பள்ளி வாசலில நாலைஞ்சு பேரோட நிண்டார். சொன்னன். அவர் தலையைச் சொறிஞ்சார்.

"இப்பிடியொரு துடக்கை நான் கேள்விப்படேல்லைப் பிள்ளை."

"அப்ப பிள்ளைக்கு ரெண்டு அம்மாவோ?" எண்டு விறகு கொத்தினவர் கேட்டார். சிரிச்சினம்.

நான் அவளுக்குப் போன் எடுத்து, விசயத்தைச் சொல்லி, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிப் பிடிச்சன். அவள் எப்பவும் என்னிலும் வாய்க்காரி.

"தலைவர் ஐயா, கத்தினது நான். தையல் எனக்கு. இப்பவும் இருக்கேலாமல் கிடக்கிறன். அந்த நேரம் இவளுக்கு என்ன நொந்தது எண்டு கேளுங்கோ."

"என்ன பிள்ளை நொந்தது?"

"ஒண்டும் இல்லை. சாப்பிட்டிட்டு மாமரத்துக்குக் கீழ படுத்தனான்."

தலைவர் அம்மாவைப் பாத்தார். "நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள். பிள்ளை முனகினவவோ?"

அம்மா அம்மன் வாசலைப் பாத்தா. அந்த இடத்தில நிண்டு அவா பொய் சொல்லமாட்டா.

"குறட்டை விட்டவள்" எண்டா.

போனுக்குள்ள அவள் சிரிச்ச சிரிப்பில பிள்ளை முழிச்சு அழுதது.

"துடக்கு இல்லை. எடு பிள்ளை" எண்டார் தலைவர்.

பொங்கலண்டைக்குக் கிணத்தடியில தோய்ஞ்சு, சேலை கட்டி, செம்பைத் தலையில வைச்சன். ரெண்டு கையும் என்ர கை. அவள் எப்பவும் என்ர இடப்பக்கம் நடக்கிறவள். அந்தப் பக்கம் வெறுமையாக் கிடந்தது. பழக்கத்தில அங்கால சரிஞ்சன். பால் தளும்பித் தோளில வழிஞ்சது. அம்மா 'ஆ' எண்டா. நிண்டன். நிமிர்ந்தன். பிறகு நடந்தன்.

தார் றோட்டு கொதிச்சது. சனம் விலகி வழி விட்டது. ஒருத்தரும் 'ஒட்டுப்பிள்ளை' எண்டு சொல்லேல்லை.

ஐயர் பேர் கேட்டார். முந்தி ரெண்டு பேரையும் சேத்துத்தான் சொல்லுவம். அண்டைக்கு என்ர பேரை மட்டும் சொன்னன். மணிச் சத்தத்துக்கு மேலால சொன்னன். பால் அம்மனில ஊத்துப்படேக்க எனக்கு அழுகை வரேல்லை. சிரிப்பு வந்தது.

அவளின்ர துடக்குக் கழிய, பஸ் எடுத்துப் புளியங்குளத்துக்குப் போனன். பிள்ளையை என்ர மடியில போட்டாள்.

"தளும்பினதோடி?"

"இல்லை."

"பொய்."

"கொஞ்சம்."

"எந்தப் பக்கம்?"

"உன்ர பக்கம்."

அவள் பிள்ளையின்ர துணியை இழுத்துச் சரியாக்கினாள். பிறகு, "வாற வருசம் எனக்கும் ஒண்டு வேணும்" எண்டாள்.

இந்த வருசப் பொங்கலுக்கு அம்மா ரெண்டு செம்பைப் புளி போட்டு மினுக்கி வெயிலில கவிட்டு வைச்சிருக்கிறா. பழசு எனக்கு. புதுசு அவளுக்கு.