அத்தை தூக்கிய அறுபது கிலோ

எங்கள் வீட்டுக்கு வந்த எடைதூக்கும் செட்டில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அப்பா சோதித்தார்.

துவாக்குடியில் கொதிகலனுக்கு உதிரிபாகம் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் அவர் சூப்பர்வைசர். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு வெல்டிங்கையும் நகத்தால் சுரண்டினார். ராடைத் தரையில் உருட்டி, வளைவு தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். பிளேட்டுகள் நழுவாமல் பிடிக்கும் லாக்கைத் திருகி, உதறி, மறுபடி திருகினார். கறுப்பு பிளாஸ்டிக் உறை போட்ட பிளேட்டுகளை மட்டும் ஒருமுறை தட்டிவிட்டுச் சுவரோரம் அடுக்கினார். அவற்றில் வெல்டிங் இல்லை. எடை வெள்ளை எழுத்தில் அச்சாகியிருந்தது. அச்சானதை எங்கள் வீட்டில் யாரும் சந்தேகிப்பதில்லை.

"கொடுத்த காசுக்குக் குறையில்ல" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது.

செட்டு அத்தைக்காக வந்தது. அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது, எனக்குப் பன்னிரண்டு. கல்லூரி முடியும்வரை அங்கிருந்த ஜிம்மில் எடை தூக்கினாள். ஐம்பது கிலோவைத் தரையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து தலைக்கு மேலும் கொண்டுபோனது அவளுடைய கல்லூரிச் சாதனை. படிப்பு முடிந்ததும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. ஸ்ரீரங்கத்தில் அன்று இருந்த ஜிம்களில் ஆண்கள்தான். அங்கே அவளை அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. தூக்காதே என்று சொல்லவும் மனமில்லை. மாடியறையைக் காலி செய்து செட்டை வாங்கிப் போட்டார். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஒன்று ஐந்து மாதத்தில் வரவிருந்தது. அதில் பெயர் வந்தால் வேலை. வராவிட்டால் முசிறியிலிருந்து வந்திருந்த சம்பந்தத்துக்குச் சரி சொல்லிவிட வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

அம்மாவுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. "ஒரு மாசத்துக்குள்ள ஏதாவது கோளாறுன்னா திருப்பி எடுத்துக்குவேன்னு கடைக்காரர் சொல்லியிருக்காரு. நல்லாப் பாத்துக்கங்க" என்று தினமும் நினைவூட்டினாள். கோளாறு வர வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்வதாகவே எனக்குப் பட்டது.

வந்தன, சின்னச் சின்னதாக. பெஞ்சின் ஒரு கால் ஆடியது. அட்டை மடித்து வைத்தோம். கைப்பிடி ரப்பர் இரண்டாவது வாரமே உரிந்தது. அத்தை சைக்கிள் ட்யூப் சுற்றினாள். கீழ்வீட்டுக்காரர் "மேல என்னம்மா, மாவு இடிக்கிறீங்களா?" என்று கேட்ட பிறகு, பழைய மெத்தையை மடித்துப் போட்டு அதன்மேல் ராடை இறக்கினாள். எதையும் அம்மாவின் காதுக்குக் கொண்டுபோகவில்லை.

என் வேலை நோட்டு எழுதுவது. தேதி, எடை, எத்தனை முறை. நாற்பத்தைந்தில் தொடங்கியவள் மூன்றாவது வாரம் ஐம்பத்திரண்டைத் தாண்டினாள்.

"பாத்தியாடி, காலேஜ்ல ஒரு வருஷமா ஏறாதது இங்க ஏறுது. ஜிம்முல ஏசி இல்லாததுதான் கோளாறு போல" என்றாள் அத்தை. எங்கள் மாடியறையில் மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றும்.

நான்காவது வாரம், பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு நெம்புகோல் செய்தேன். மரச்சட்டத்தின் ஒரு முனையில் இரண்டரைக் கிலோ பிளேட், மறுமுனையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இரண்டும் அரைக்கிலோ துவரம்பருப்பும். சமமாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. பருப்புப் பக்கம் சாய்ந்தது. சட்டத்தைத் திருப்பி வைத்தேன். அப்போதும் பருப்புப் பக்கமே சாய்ந்தது.

பிளேட்டையும் உப்பையும் பையில் போட்டுக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்காரரை நாங்கள் பாய் என்போம். அவருடைய தராசு பேப்பரைக் குறைத்துக் காட்டும் என்பது அம்மாவின் நீண்டநாள் புகார்.

பாய் பிளேட்டை ஒரு தட்டில் வைத்தார். மறுதட்டில் இரண்டு கிலோ கல்லும் அரைக்கிலோ கல்லும் வைத்ததும் பிளேட் மேலே போனது. அரைக்கிலோவை எடுத்துவிட்டு நூறு கிராம் கல்லை வைத்தார். முள் நடுவில் நின்றது.

"ரெண்டு கிலோ நூறு கிராம்தான் பாப்பா. உள்ள சிமெண்ட்டு. யாரு தலையில கட்டுனாங்க?"

"உங்க தராசு குறைச்சுக் காட்டும்னு அம்மா சொல்லுவாங்க."

அவர் கோபப்படவில்லை. உப்புப் பாக்கெட் இரண்டையும் வாங்கித் தட்டில் வைத்தார். எதிரே இரண்டு கிலோ கல். முள் அசையவில்லை.

"போய் உங்கம்மாட்ட சொல்லு. பாய் கல்லு சரியாத்தான் இருக்கு, பேப்பர்தான் எளச்சுப் போச்சுன்னு."

வீட்டுக்கு வந்து மற்ற பிளேட்டுகளையும் சட்டத்தில் ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்தன. பத்துக் கிலோ ராடு மட்டும் சரியான இரும்பு; அதை அப்பா பார்த்திருந்தார். கணக்கு எனக்கு வரும். நோட்டில் அறுபது என்று எழுதினால் உண்மையில் ஐம்பத்திரண்டு.

சொல்லத்தான் படியேறினேன். மாடியறை வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். செட்டு வந்ததிலிருந்து அவர் அங்கே ஏறியதில்லை. உள்ளே அத்தை ராடைத் தலைக்கு மேல் நிறுத்தி, முழங்கை நடுங்காமல் மூன்று எண்ணிவிட்டு இறக்கினாள்.

"எவ்வளவு அது?"

"அம்பத்தஞ்சுண்ணே."

"பரவாயில்லையே" என்றார் அப்பா. மறுநாள் ஒரு அட்டை முட்டை வாங்கி வந்தார். அம்மா அதை வேகவைத்துக் கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. சொன்னால் செட்டு கடைக்குப் போய்விடும். போனால் இன்னொன்று வராது. முசிறிக்காரர்கள் வந்துவிடுவார்கள். பன்னிரண்டு வயதுக்கு இந்தக் காரணம் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த நான்கு நாளும் போய், திருப்பிக் கொடுக்கும் ஆபத்தே நீங்கிய பிறகும் நான் சொல்லவில்லை. அதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. ஒவ்வொரு எடை ஏறும்போதும் அத்தை என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவாள். நோட்டின் பக்கங்கள் என் கையெழுத்தில் நிரம்பிக்கொண்டிருந்தன. நாளைக்குச் சொல்லலாம் என்பது எளிதாக இருந்தது.

தேர்வன்று அத்தை தனியாகப் போக வேண்டாம் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து, துவாக்குடிக்கு முன்னால் இருந்த உள்ளரங்கில் போய் இறங்கினோம். பதினோரு பெண்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் பயிற்சியாளரோ அண்ணனோ நின்றார்கள். அத்தைக்கு நோட்டோடு நான்.

மேசையில் ஒருவர் படிவம் நிரப்பினார். அவர் சொன்ன விதி எளிமையானது. ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. முதலில் தூக்கப்போகும் எடையை நாமே சொல்ல வேண்டும். தூக்க முடியாவிட்டால் அதே எடையில் மறுபடி முயலலாம், கூட்டலாம்; குறைக்க முடியாது.

"மொத வெயிட் என்னம்மா?"

அத்தை என் பக்கம் திரும்பினாள். "தடுமாறாம தூக்குனது எவ்வளவுடி? அதைச் சொல்லு. ரிஸ்க் வேண்டாம்."

நோட்டு என் கையில் திறந்திருந்தது. மேசைக்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னால் ஒருத்தி இருமினாள்.

"அறுபது" என்றேன்.

தயாராகும் இடத்தில் வெறும் நாற்பதைத் தூக்கிவிட்டு அத்தை உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "இங்க கனமா இருக்குடி. பயம்தான். பயந்தா எல்லாம் கனக்கும்னு காலேஜ் ஜிம் மேடம் சொல்லுவாங்க." நான் தலையாட்டினேன்.

முதல் முறை தோள்வரை வந்தது. இரண்டாம் முறையும் தோள்வரை. மூன்றாம் முறை மார்புக்குக் கீழேயே நின்று, ராடு அவளை முன்னால் இழுத்துக்கொண்டு விழுந்தது. ரப்பர் தரை அதிர்ந்தது. அவள் ராடைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள். பிறகு மேடையைக் குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

மூன்று பேரை எடுத்தார்கள். மூன்றாவதாக வந்த பெண் தூக்கியது ஐம்பத்தொன்று. அதைப் பலகையில் எழுதியபோது அத்தையின் உண்மையான ஐம்பத்திரண்டிலிருந்து மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். ஒரு கிலோ.

திரும்பும் பஸ்ஸில் அத்தை எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தாள். திருவானைக்காவல் தாண்டும்போது "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டில் அப்பா விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போனார். பெஞ்சை மறுபடி கவிழ்த்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. இறங்கி வந்து, "நான்தான் இன்னும் நல்ல கம்பெனியா பாத்து வாங்கியிருக்கணும். செட்டு சரியில்லையோ என்னவோ" என்றார், யாரையும் பார்க்காமல்.

"செட்டெல்லாம் நல்ல செட்டுதாண்ணே" என்றாள் அத்தை. "எனக்குத்தான் அவ்வளவு பலம் இல்ல. நோட்டுல இருந்ததெல்லாம் எப்படித் தூக்குனேன்னு தெரியல."

அம்மா முதன்முறையாக அவள் தோளில் கை வைத்தாள்.

தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை நல்லவர், வாழை வைத்திருக்கிறார். குறை சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. செட்டு அடுத்த வருடம் பட்டறைப் பையன் ஒருவனிடம் போனது. நோட்டு எங்கே போனது என்று தெரியவில்லை.

போன மாதம் முசிறி போயிருந்தேன். சமையலறையில் கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டர் வாசலில் இருந்தது. அத்தை அதைத் தொடக்கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடச் சொன்னாள்.

"நீங்களே தூக்கலாமே அத்தை" என்றேன்.

"நானா? எனக்கு எப்பவுமே பலம் பத்தாது. உனக்குத் தெரியாதா, நீதானே கூட வந்த" என்று சிரித்தாள்.

இப்போதும் சொல்லவில்லை. பையன் வந்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனான்.

தேர்வு முடிந்த அன்று மாலை, செட்டைப் பற்றி அத்தை அப்படிச் சொன்னதும் எனக்கு வந்தது நிம்மதி. யாருக்கும் தெரியவில்லை, அப்பா கடைக்காரரோடு சண்டைக்குப் போக மாட்டார் என்று நினைத்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். அவளுக்குப் போனது ஒரு வேலை என்றுதான் நினைத்திருந்தேன். மாடியறையில், சொல்லித்தர யாரும் இல்லாமல், ஆடும் பெஞ்சையும் உரிந்த ரப்பரையும் வைத்துக்கொண்டு, கல்லூரிச் சாதனையைவிட இரண்டு கிலோ அதிகமாக அவள் உண்மையாகவே தூக்கியிருந்தாள். அது தெரிந்திருந்த ஒரே ஆள் நான். அவளிடம் சொல்ல வேண்டியது அதுவும்தான் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.